வீட்டுப் பூனை இறந்துட்டா என்னென்ன செய்யணும்: பாண்டி, கடலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு

மார்கழி கடைசி வாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், எங்க பட்டாணி போயிட்டா. 11 வயசு, கிட்னி பிரச்சனை. அவ போகப் போறான்னு எங்களுக்குத் தெரியும், டாக்டர் கார்த்திகையிலயே சொல்லிட்டார், ஆனா போனதுக்கு அப்புறம் அந்த உடம்பை எங்க வைக்கறது எங்க புதைக்கறதுன்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, யோசிச்சா என்னமோ நாமளே சாகடிச்ச மாதிரி ஒரு எண்ணம். லாஸ்பேட்டையில மாடி வீடு, வாடகை, கீழ ஒரு சாண் மண் கிடையாது, எல்லாம் சிமெண்ட். அந்த நேரத்துல போன்ல தேடினா வெளிநாட்டுக்காரங்க எழுதினதுதான் வருது, அதுல பின்பக்கத் தோட்டம்னு ஆரம்பிக்கறாங்க. மறுநாள் மதியம் வரைக்கும் நாங்க அலைஞ்ச அலைச்சல்ல அழக்கூட நேரம் இல்ல. நீங்களாவது உக்காந்து அழணும், அதுக்குத்தான் இதை எழுதறேன்.

1. பூனை உயிரோட இருக்கும்போதே மண்ணைப் பேசி வைங்க

வயசான பூனையோ சீக்குப் பூனையோ வீட்ல இருந்தா இன்னைக்கே பண்ண வேண்டிய ஒரே வேலை இது. சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்ட மண்ணு இருக்கோ அவங்ககிட்ட "ஒரு நாள் இப்படி ஒரு உதவி கேப்பேன்"னு சொல்லி வைங்க. நான் கடலூர்கிட்ட திருவந்திபுரம் பக்கம் இருக்கற எங்க சித்தப்பாவுக்கு காலைல அஞ்சரைக்கு போன் பண்ணேன், மனுஷன் யாரோ செத்துட்டாங்கன்னு பதறிட்டார், அப்புறம் விஷயம் கேட்டு கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, "சரி எடுத்துட்டு வாம்மா, மாமரத்துக்கு அந்தப் பக்கம் வெச்சுக்கலாம்"னார். எல்லாருக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருக்க மாட்டார்.

மண்ணே இல்லாதவங்க உங்க ஏரியா எந்த முனிசிபாலிட்டி இல்ல கொம்யூன் பஞ்சாயத்துல வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. பாண்டியில இது பெரிய தலைவலி. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் எல்லாம் உழவர்கரை, டவுன் புதுச்சேரி முனிசிபாலிட்டி, அரியாங்குப்பம் தனி கொம்யூன், கோட்டக்குப்பம் தமிழ்நாடு. தப்பான இடத்துக்கு போன் பண்ணா "அது எங்க லிமிட் இல்லைங்க"னு சொல்லியே ரெண்டு மணி நேரம் போயிடும், எனக்குப் போச்சு. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க, வண்டி வந்து எடுத்துட்டுப் போனா புதைப்பாங்களா இல்ல குப்பையோட போகுமான்னு. கேக்க சங்கடமாத்தான் இருக்கும். கேளுங்க.

எரிக்கணும்னா சென்னையில வசதி இருக்கு, ஈசிஆர்ல 150 கிலோமீட்டர், மூணு மணி நேரமாவது ஆகும். போன் பண்ணி டைம் வாங்காம கிளம்பாதீங்க, சாம்பல் திருப்பித் தருவாங்களா, தனியா எரிப்பாங்களா சேர்த்து எரிப்பாங்களான்னும் கேட்டுக்கோங்க, ரேட்டு அதைப் பொறுத்துதான்.

பீச் மணல்ல புதைக்கற ஐடியா எல்லாருக்கும் வரும், எங்க வீட்டுக்காரருக்கும் வந்துச்சு. வேண்டாம். மணல் தோண்ட ஈஸி, நாய்க்கும் அது ஈஸிதான். உப்பனாறு வாய்க்கால்ல விடறதும் அப்படித்தான், அடுத்த தெருவுல போய் ஒதுங்கும்.

2. ஊசி போட்டு அனுப்பறதை (கருணைக்கொலை) பத்தி

இதை எழுத எனக்குப் பிடிக்கல ஆனா விடக்கூடாது. நாங்க சனிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருந்தோம், அவ வியாழக்கிழமை ராத்திரியே போயிட்டா, அந்த கடைசி ரெண்டு நாள் அவ பட்டதைப் பாத்தப்புறம் சொல்றேன், நாங்க ஒரு வாரம் லேட். சாப்பாடு சாப்பிடுதா, தானே நக்கி சுத்தம் பண்ணிக்குதா, மூத்திரம் போற ட்ரே வரைக்கும் நடந்து போக முடியுதா, இந்த மூணையும் காலண்டர்ல தினமும் குறிச்சுட்டு வாங்க, நல்ல நாளை விட கெட்ட நாள் அதிகமானா டாக்டர்கிட்ட பேசிடுங்க.

நடக்கறது இதுதான்: முதல்ல மயக்க ஊசி, பூனை அசந்ததும் ரெண்டாவது ஊசி, அதுல சில நிமிஷத்துல நெஞ்சு நின்னுடும். கண்ணு மூடாது. அப்புறமும் ஒரு தடவை ரெண்டு தடவை மூச்சு இழுக்கற மாதிரி வரலாம், உடம்பு வெட்டிக்கலாம், அது வலி இல்ல. ஒரு பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க. வீட்டுக்கு வருவாரா, எவ்ளோ, ராத்திரின்னா எவ்ளோன்னு முன்னாடியே கேட்டுடுங்க. பழைய பிளட் டெஸ்ட் ரிப்போர்ட், தடுப்பூசிக் கார்டு எல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க, புது டாக்டர்னா அது இல்லாம ஒத்துக்க யோசிப்பாங்க. பகல்னா குரும்பாபேட் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, கடலூர்க்காரங்களுக்கு கவர்மெண்ட் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா ராத்திரிக்கு உங்களுக்கு ஒரு பிரைவேட் டாக்டர் நம்பர் கையில இருந்தே ஆகணும்.

பூனையைக் கொன்னா தங்கத்துல பூனை செஞ்சு தானம் பண்ணணும்னு எங்க மாமியார், சனிக்கிழமை ஊசிக்குச் சொல்லி வெச்ச விஷயம் கேள்விப்பட்டதும் சொன்னாங்க. பவுன் விக்கற விலைக்கு மீசை கூட செய்ய முடியாதுன்னு அப்ப சிரிச்சோம். உள்ளுக்குள்ள அது குத்திச்சு, நாங்க லேட் பண்ணதுக்கு அதுவும் ஒரு காரணம்னு இப்ப தோணுது.

3. முதல் மூணு மணி நேரம்

போயிட்டதுதானான்னு உறுதி பண்ணுங்க. நெஞ்சுல கை வெச்சு அஞ்சு நிமிஷமாவது பாருங்க, சந்தேகம்னா டாக்டருக்கு வீடியோ கால் போடுங்க. அப்புறம் உடனே, அழுதுகிட்டேயாவது, கை காலை மடக்கி அது தூங்கற மாதிரி சுருட்டி வைங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல உடம்பு விறைச்சிடும், காலை நீட்டி விறைச்சா பெட்டிக்குள்ள அடங்காது, அப்ப மடக்கப் பாக்கறது ரொம்பக் கொடுமை. வால் பக்கம் ஒரு பழைய துண்டு போடுங்க, மூத்திரம் கசியும், பயப்படாதீங்க.

காட்டன் துணியில சுத்துங்க. பழைய வேட்டி, உங்க பழைய நைட்டி, அதுக்கு உங்க வாசனை தெரிஞ்ச எதுவா இருந்தாலும் சரி. பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, கட்டினா சீக்கிரம் ஊதும், மண்ணுக்குள்ள மக்கவும் மக்காது. துணிக்கு வெளிய ஐஸ் பாட்டில் ரெண்டு மூணு வெச்சு, ஏசி இருந்தா ஏசி ரூம்ல, இல்லைன்னா தரையில ஃபேனுக்குக் கீழ. மார்கழி குளிர்ல எங்களுக்கு மதியம் வரைக்கும் தாங்கிச்சு. சித்திரை வைகாசின்னா ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளாதீங்க.

வீட்ல வேற பூனை இருந்தா கொஞ்ச நேரம் மோந்து பாக்க விடுங்க. சிலது அப்புறமும் தேடும், கத்தும். ஆனா அந்தப் பூனை ஒரு நாள் முழுக்க சாப்பிடலைன்னா துக்கம்னு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட போங்க, பூனை பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும். தொத்து நோய்ல போயிருந்தா மட்டும் மோந்து பாக்கவே விடாதீங்க.

4. எதனால போச்சுன்னு தெரியலையா, அவசரப்பட்டு புதைக்காதீங்க

நேத்து வரைக்கும் நல்லா இருந்த பூனை திடீர்னு போனா, இல்ல தெருவுல ஒரே வாரத்துல மூணு நாலு பூனை போனா, விஷமா இருக்கலாம். போஸ்ட்மார்ட்டம் பண்ணாதான் தெரியும். அதுக்கு உடம்பு ஐஸ்ல குளிர்ச்சியா இருக்கணும் ஆனா ஃப்ரீசர்ல உறையக்கூடாது, உறைஞ்சா திசு கெட்டு சரியா பாக்க முடியாது. எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. விஷம் வெச்சாங்கன்னு தெரிஞ்சா போலீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுக்கலாம், பிஎன்எஸ்னு சொல்ற பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தோட 325ஆவது பிரிவு, மிருகத்தைக் கொன்னா 5 வருஷம் வரைக்கும் ஜெயில். ரிப்போர்ட் இல்லாமப் போனா "பூனைக்கெல்லாம் கேஸாம்மா"ன்னு அனுப்பிடுவாங்க.

இன்னொண்ணு, சாகறதுக்கு முன்னாடி பூனை வித்தியாசமா நடந்துச்சு, கடிச்சுச்சு, வாய்ல எச்சில் ஒழுகுச்சு, யாரையாவது பிறாண்டுச்சுன்னா, முதல்ல உங்க கையைப் பாருங்க. சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசி அங்க இலவசம், 0, 3, 7, 28னு நாள் கணக்கு. துக்கத்துல மூணாவது டோஸை மறந்துட்டேன்னு சொல்லாதீங்க.

5. கொண்டு போறது

ஆட்டோ மூணு பேர் வரமாட்டேன்னுட்டாங்க, நாங்க உண்மையைச் சொன்னதுதான் தப்பு போல, ஆனா பொய் சொல்லவும் மனசு வரல. பஸ்ஸை நினைக்காதீங்க. கடைசியா எங்க ஸ்கூட்டர்லதான், அவர் ஓட்ட நான் பின்னாடி மடியில மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வெச்சுகிட்டு, லாஸ்பேட்டையில இருந்து திருவந்திபுரம் வரைக்கும். 4 கிலோ இருந்தவ கடைசியில 2 கிலோ சொச்சம்தான், மடியில கனமே தெரியல.

பார்டர் தாண்டறவங்க ஒண்ணு கவனிங்க. பாண்டியில இருந்து கடலூர் பக்கம் போற எந்தப் பெட்டியும் செக்போஸ்ட்ல சந்தேகம்தான், பாட்டில் இருக்கும்னு பாப்பாங்க. நாங்க பெட்டியை டேப் போட்டு ஒட்டாம சணல் கயிறு கட்டியிருந்தது நல்லதாப் போச்சு. போலீஸ்காரர் என்னம்மா இதுன்னார், நான் வாயைத் திறந்தேன் சத்தம் வரல, அவரே கயிறை அவுத்துப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம திருப்பிக் கட்டினார், நாங்க கட்டினதை விட நல்லா முடிச்சு போட்டிருந்தார்.

6. குழி

மூணு அடி ஆழம், குறையக் கூடாது. ஊசி போட்டு அனுப்பின பூனைன்னா இன்னும் கண்டிப்பா, அந்த மருந்து உடம்புலயே இருக்கும், நாயோ காக்காவோ தோண்டித் தின்னா அதுவும் செத்துடும். கிணறு, போர் பக்கத்துல வேண்டாம். கடலோர ஊர்ல மழைக்காலத்துல ரெண்டு அடியிலயே தண்ணி ஊறும், அப்படின்னா மேடான இடமா பாருங்க. கல் உப்பு ரெண்டு பாக்கெட் போட்டோம், எங்க ஊர்ப் பழக்கம். மண்ணை நல்லா மிதிச்சு மூடி மேல கருங்கல்லோ உடைஞ்ச செங்கல்லோ அடுக்குங்க. இதை நாங்க முதல்ல பண்ணல, அன்னைக்கு ராத்திரியே நாய் வந்து கிளறியிருக்கு, சித்தப்பா காலைல பாத்து நாலு கல்லைத் தூக்கி வெச்சிருக்கார், எங்ககிட்ட பத்து நாள் கழிச்சுதான் சொன்னார்.

குழி தோண்ட ஆள் வெச்சா கூலியை முன்னாடியே பேசிடுங்க. கடப்பாறை, மண்வெட்டி இருக்கான்னும் கேளுங்க. பொக்லைன் எதுவும் வேண்டாம்ங்க, ஒருத்தர் எங்ககிட்ட நம்பர் வேற கொடுத்தார்.

7. பேப்பர், லீவு, செலவு

பூனைக்கு சாவு சர்டிபிகேட் வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் எங்களுக்கு வரல. இன்சூரன்ஸ் எடுத்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட லெட்டர் பேட்ல எழுதி வாங்குங்க, தேதி, காரணம், சீல் மூணும் இருக்கணும். ஊசிக் கார்டைத் தூக்கிப் போடாதீங்க, எதுக்குன்னு 10ல சொல்றேன்.

லீவுக்கு நான் சொந்த வேலைன்னு எழுதினேன். பூனை செத்துடுச்சுன்னு எழுதினா அந்த லெட்டர் ஆபீஸ் முழுக்க சுத்தும். உங்க ஆபீஸ் நல்ல ஆபீஸ்னா எழுதுங்க.

எங்களுக்கு ஆன செலவு: ராத்திரி போன்ல பேசின டாக்டர் காசு வாங்கல, குழி தோண்டினவருக்கு 600, கல் உப்பு, பூ, ஊதுவத்தி எல்லாம் 100க்குள்ள, பெட்ரோல் 150. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ட்ரிப்ஸ், பிளட் டெஸ்ட்னு ஆனது தனி, அதைக் கூட்டிப் பாக்கக்கூடாதுன்னு எனக்கும் அவருக்கும் ஒப்பந்தம். உடைக்காத குளுக்கோஸ் பாட்டில் மிச்சம் இருந்தா பில்லோட மெடிக்கல்ல கேட்டுப் பாருங்க, எங்ககிட்ட நாலு பாட்டில் திருப்பி எடுத்துகிட்டாங்க.

8. வீட்டைக் கழுவறது

கிட்னி மாதிரி நோய்னா சாதாரணமா சோப்பு போட்டுக் கழுவினா போதும். வாந்தி பேதியில போன குட்டின்னா பார்வோங்கற வைரஸா இருக்கலாம், அந்தக் கிருமி வீட்ல ஒரு வருஷம் கூட உயிரோட இருக்கும், டெட்டால் போட்டாலும் ஃபினாயில் போட்டாலும் சாகாது. ப்ளீச்சிங் லிக்விட், 1 லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி, தரையில 10 நிமிஷம் ஊற விட்டுத் துடைக்கணும். ஜன்னலைத் திறந்து வைங்க, ஃபினாயிலையோ ஆசிட்டையோ அதோட கலந்துடாதீங்க, விஷப் புகை வரும். மெத்தை, ட்ரே, துணி பொம்மை எல்லாம் போயே ஆகணும். இன்னொரு விஷயம், ஃபினாயில் பூனைக்கே விஷம், பாதத்துல ஒட்டி அது நக்கும். நாங்க 11 வருஷம் அதாலதான் துடைச்சோம், தெரியாம.

9. அழுகை

இதுக்கு ஸ்டெப் கிடையாது, ஆனா எங்கெங்க மாட்டும்னு சொல்ல முடியும். எனக்கு மாட்டின இடம் மீன்காரம்மா. தினமும் எட்டரைக்கு கூடையை இறக்கி வெச்சு "எங்கடி உன் சின்னப் பொண்ணு"ன்னு கேட்டு ரெண்டு காரப்பொடி மீனை படியில போடுவாங்க, மூணாம் நாள் காலைல வழக்கம் போல போட்டுட்டுப் போயிட்டாங்க, எனக்குச் சொல்ல வரல, அந்த ரெண்டு மீனும் மதியம் வரைக்கும் படியிலயே கிடந்து எறும்பு மொச்சுச்சு. அதனால, தினமும் வர்றவங்க, பால்காரர், மீன்காரம்மா, வேலை செய்யற அக்கா, எல்லாருக்கும் வேற யாரையாவது விட்டு முதல் நாளே சொல்ல வெச்சுடுங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும்.

குழந்தைகிட்ட தூங்குது, ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லாதீங்க. எங்க பொண்ணுக்கு 6 வயசு, நான் முதல்ல தூங்குதுன்னு உளறிட்டேன், அன்னைக்கு ராத்திரி அவ தூங்கவே மாட்டேன்னுட்டா. செத்துப்போச்சு, இனி வராது, அதுக்கு வலிக்காது, அவ்ளோதான் சொல்லணும். அழட்டும். குழியில அவ போட்டது அவளோட ஹேர்பேண்ட்.

"பூனைக்குப் போயா இப்படி" அப்படின்னு ஒருத்தராவது சொல்வாங்க, எனக்கு எங்க அம்மாவே சொன்னாங்க. பதில் தேடாதீங்க. ஆனா ரெண்டு மூணு வாரம் ஆகியும் தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, நானே கொன்னுட்டேன்னு மனசு சுத்திகிட்டே இருந்தா, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், கவர்மெண்ட்டோடது, காசில்ல, தமிழ்ல பேசலாம். நான் தை மாசம் ஒரு தடவை பண்ணேன். பூனைன்னு சொன்னதும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன். பேர் என்னன்னு கேட்டாங்க, பட்டாணின்னேன்.

10. அடுத்த பூனை, எப்போ

பனி விட்டு மாசி பொறந்ததும் தெருவெல்லாம் குட்டிச் சத்தம் கேக்க ஆரம்பிக்கும். பகல் நீள நீள பூனைங்க சேரும், 63 நாள் 65 நாள்ல குட்டி. தெரிஞ்சவங்க எல்லாம் போட்டோ அனுப்புவாங்க. வேணுமா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஆனா இந்த நாலு விஷயத்துல ஏமாறாதீங்க.

பார்வோல போன வீடுன்னா ஊசி போடாத குட்டியை ஒரு வருஷம் கொண்டு வராதீங்க. ரொம்ப ஆசைன்னா ஊசி எல்லாம் முடிஞ்ச பெரிய பூனையா எடுங்க.

பெர்ஷியன் குட்டி 5000ன்னு போட்டோ போட்டு ஜிபேல அட்வான்ஸ் கேட்டா நேர்ல பாக்காம ஒரு ரூபா அனுப்பாதீங்க. துக்கத்துல இருக்கறவங்க சீக்கிரம் அனுப்பிடறாங்கன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

8 வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க. பசும்பால் வேண்டாம், பேதி புடுங்கும்.

ஊசி: முதல் டோஸ் 6ல இருந்து 8 வாரத்துல, அப்புறம் 3, 4 வாரத்துக்கு ஒண்ணு, 16 வாரம் தாண்டற வரைக்கும். ரேபிஸ் 12 வாரத்துக்கு மேல. கருத்தடை 5, 6 மாசத்துல, தள்ளிப் போட்டா அதுவே குட்டி போட்டுடும். இங்கதான் பழைய கார்டு வேணும், எந்த டாக்டர், எந்த ஊசி, எவ்ளோ ஆச்சு, எதுக்கு அலர்ஜி ஆச்சு எல்லாம் அதுல இருக்கு, அந்த நிலையில நமக்கு ஒண்ணும் ஞாபகம் வராது.

எங்களுக்கு யோசனையே இல்ல. மாசி மகத்துக்கு முந்தின வாரம் திருவந்திபுரம் போனோம், மாமரம் பூத்து தரையெல்லாம் பூ, கல்லு மேலயும் பூ. சித்தி மாட்டுக் கொட்டாய்ல மூணு குட்டி போட்டிருக்குன்னு காட்டினாங்க, என் பொண்ணு கேக்கவே இல்ல, ஒண்ணைத் தூக்கி துப்பட்டாவுல சுத்தி ஸ்கூட்டர்ல உக்காந்துட்டா. 8 வாரம் ஆச்சான்னு சித்திகிட்ட மட்டும் கேட்டுகிட்டேன், ஆச்சுன்னாங்க. முதல் ஊசிக்கு மாசி மகத்தன்னைக்கே கிளம்பினது முட்டாள்தனம், வைத்திக்குப்பம் பக்கம் தீர்த்தவாரிக் கூட்டத்துல ஒரு மணி நேரம் மாட்டிகிட்டோம், அன்னைக்கு யாரும் போகாதீங்க. பழைய கார்டைப் பாத்து அதே டாக்டர் அதே ஊசியைப் போட்டார், 900 ஆச்சு. ரெண்டாவது ஊசி பங்குனி முதல் வாரம். புதுக் கார்டுல பேர் எழுதற இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, பொண்ணு இதுவரைக்கும் ஏழு பேர் சொல்லிட்டா, நேத்து சொன்னது கொண்டைக்கடலை.